அப்பாவை வீல்சேரில் வைத்து லேக் டிஸ்ட்ரிக்டில் நடக்கக் கூட்டிப் போக முடியுமா?

கேள்வி இதுதான்: ஊரிலிருந்து அப்பா இங்கிலாந்துக்கு வருகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையும் இடது காலும் பலமில்லை. வீட்டுக்குள் நாலு எட்டு நடப்பார், வெளியே வீல்சேர்தான். கார் டிக்கியில் மடக்கி வைக்கிற நாற்காலி இருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்ட், பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் மலை, ஏரி, ஆட்டுப்பட்டி எல்லாம் பார்க்கிற மாதிரி ஒரு நடை கூட்டிப் போக முடியுமா? எந்தப் பாதை, என்ன நாற்காலி, எதைப் பார்த்து முடிவெடுப்பது?

தாராளமாக முடியும். ஆனால் "எத்தனை மைல், எவ்வளவு உயரம்" என்று நடப்பவர்கள் கேட்கிற கேள்விகள் இங்கே பெரிதாக உதவாது. ஐந்து கிலோமீட்டர் பாதையில் நாலே முக்கால் கிலோமீட்டர் சிமென்ட் தரை போல இருந்து, நடுவில் ஒரே ஒரு குறுகலான கேட் இருந்தால் அன்றைய நடை அந்தக் கேட்டோடு முடிந்தது. அதனால் பாதையைத் தேடும்போது அதில் இருக்கிற மோசமான இடம் எது என்று தேடுங்கள். அந்த இடத்தை உங்களால் தாண்ட முடியுமென்றால் மற்றதைப் பற்றிக் கவலையில்லை.

முதலில் நாற்காலி. டிக்கிக்காக வாங்கும் மடக்கு நாற்காலிகள் பலவற்றில் நான்கு சக்கரமும் சின்னதாக இருக்கும், பின்சக்கரமே 12 அங்குலம்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் ஷாப்பிங் மாலுக்கும் செய்தது அது. நாட்டுப்புறப் பாதைக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். பின்சக்கரம் 24 அங்குலம் உள்ள, அவரே தள்ளிக்கொள்ளும் வகை நாற்காலியை எடுங்கள். அவர் தள்ளப் போவதில்லை என்றாலும் அதுதான் சரி, பெரிய சக்கரம் குழியில் விழாது, கல்லின் மேல் ஏறிவிடும். காற்றடிக்கும் டயர் இருக்கட்டும், பங்க்சர் ஆகாத கெட்டி ரப்பர் டயர் ஒவ்வொரு கல்லின் அதிர்வையும் அப்படியே முதுகுக்கு அனுப்பும். கைப்பிடியிலேயே பிரேக் லீவர் இருக்கிற மாடல் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை வாங்குங்கள். காரணம் இறக்கம். நாற்காலியின் பக்கவாட்டில் இருக்கும் பிரேக் நிறுத்தி வைப்பதற்கு மட்டும்தான், ஓடும் சக்கரத்தை அதனால் மெதுவாக்க முடியாது. இன்னொன்று, அந்த பிரேக் டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. டயரில் காற்றுக் குறைந்தால் அழுத்தமும் குறையும், சரிவில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் நாற்காலி நகரும். மெத்தென்று போகட்டும் என்று காற்றை இறக்குகிறவர்கள் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். காற்றை இறக்கினால் பிரேக்கின் பிடியையும் சரிபார்த்துத் திருகி வைக்க வேண்டும்.

உண்மையில் தகராறு செய்வது முன்சக்கரம். பின்சக்கரம் கல்லைத் தாண்டும், சேற்றைத் தாண்டும். ஆறேழு அங்குல முன்சக்கரம் ஒரு நெல்லிக்காய் அளவுக் கல்லில் முட்டி நின்றுவிடும். நாற்காலி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் நிற்க மாட்டார். இடுப்பு பெல்ட் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது இதனால்தான். ஃப்ரீவீல் என்று ஒரு துணைச்சக்கரம் விற்கிறது. கால்பலகையில் கவ்விப் பிடித்து, இரண்டு முன்சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கிவிட்டு, முன்னால் ஒரே பெரிய சக்கரத்தில் நாற்காலியை ஓடவைக்கும். மண்பாதைக்கு அருமையான பொருள். ஆனால் அது மடங்காத சட்டமும் ஒரே துண்டுக் கால்பலகையும் உள்ள நாற்காலிக்காகச் செய்தது. மடக்கு நாற்காலிக்குத் தனி இணைப்பு வேண்டும், அதுவும் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. வாங்குவதற்கு முன் உங்கள் நாற்காலியின் கால்பலகையைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

இனி தள்ளுகிறவருக்கான கணக்கு. அப்பா 70 கிலோ, நாற்காலி 15 கிலோ, பையும் கம்பளியும் 5 கிலோ, ஆக 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-க்கு 1 சரிவில், அதாவது 20 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற இடத்தில், உங்கள் கையில் நாலரை கிலோ விடாமல் அழுத்தும். 12-க்கு 1 என்றால் ஏழரை கிலோ. 10-க்கு 1 என்றால் 9 கிலோ. 8-க்கு 1 என்றால் 11 கிலோவுக்கு மேல். இது சரிவின் பங்கு மட்டும், தரையின் இழுவை தனி. நல்ல தார்ச்சாலையில் அது ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். உதிரி ஜல்லியிலோ நனைந்த புல்லிலோ அதே இழுவை பல மடங்காகி, சமதளமே 12-க்கு 1 ஏற்றம் போலக் கனக்கும். "பாதை முழுக்க சமதளம்" என்ற குறிப்பை மட்டும் நம்பிப் போய், கால் மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்புகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

ஜல்லி எல்லாம் ஒன்றல்ல. கல்லை உடைக்கும்போது வரும் பொடியோடு சேர்த்துக் கொட்டி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டிய பாதை கெட்டியாக இறுகிவிடும். கூர்முனைக் கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், இடைவெளியைப் பொடி அடைக்கும். அதில் வீல்சேர் கிட்டத்தட்டத் தாரில் ஓடுவது போல ஓடும். ஆற்றுக்கூழாங்கல் மாதிரி உருண்டையாக, பொடியில்லாமல் கழுவிய சரளை போட்டிருந்தால் அது ரோலருக்கு அடங்காது, சக்கரம் புதையும். பார்க்க அழகாக இருக்கிறது என்று கார் பார்க்கிங்கிலும் தேநீர்க்கடை வாசலிலும் இதைத்தான் கொட்டி வைப்பார்கள். பாதையெல்லாம் நன்றாக இருந்து, பார்க்கிங்கிலிருந்து பாதைக்குப் போகும் இருபது மீட்டர்தான் பெரும்பாடு என்பது அடிக்கடி நடப்பது.

குறுக்குவாட்டம் என்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மழைநீர் ஒரு பக்கமாக வடியட்டும் என்று பாதையைச் சாய்த்துப் போடுவார்கள். 50-க்கு 1 சாய்வு என்றால் தெரியாது. 20-க்கு 1 ஆனால் நாற்காலி தாழ்ந்த பக்கமாகவே திரும்பப் பார்க்கும். தள்ளுகிறவர் ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், அரை மணியில் மணிக்கட்டு போய்விடும். அப்பாவுக்கு இடது பக்கம் பலமில்லை என்பதால் இன்னொரு சங்கடம்: பாதை இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அவர் உடலும் அந்தப் பக்கமே சரியும், தானாக நிமிர முடியாது. இடது விலாவுக்கும் கைவைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கெட்டித் தலையணை வையுங்கள்.

பாதைகளுக்கு வருவோம். லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா 'மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் சுமார் ஐம்பது பாதைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஸ்டைல் என்பது வேலியையோ கல்சுவரையோ ஆள் தாண்ட வைக்கிற ஏறுபடி, ஆடு மாடு தாண்டாது. வீல்சேரும் தாண்டாது. அந்த ஏறுபடியே இல்லாத பாதைகள் இவை. 'எல்லாருக்கும்', 'பலருக்கும்', 'சிலருக்கு' என்று மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். 'எல்லாருக்கும்' தரம் என்றால் சரிவு 10-க்கு 1-ஐத் தாண்டாது, தரை தார் அல்லது இறுகிய கல்தூள், மேலே கிடக்கும் கல் 10 மில்லிமீட்டருக்குள், அகலம் குறைந்தது 1 மீட்டர். 'பலருக்கும்' என்பது பின்னால் பலசாலி ஒருவர் இருந்து தள்ளினால் போகலாம் என்று பொருள். 'சிலருக்கு' என்பதை மடக்கு நாற்காலிக்காரர்கள் முதல் பயணத்தில் தொட வேண்டாம்.

'எல்லாருக்கும்' தரத்திலும் 10-க்கு 1 வரை வரும் என்பதைக் கவனியுங்கள். மேலே போட்ட கணக்கில் அது 9 கிலோ. பத்து மீட்டருக்கு என்றால் மூச்சுப் பிடித்து ஏறிவிடலாம், நூறு மீட்டருக்கு என்றால் நடுவில் நிற்க வேண்டும். நிற்க சமதளம் இருக்கிறதா என்பது அப்போது முக்கியமாகிவிடும். அமெரிக்காவில் மத்திய அரசு நிலங்களில் உள்ள நடைபாதைகளுக்கு 2013-இல் வந்த விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: 20-க்கு 1 வரை எவ்வளவு நீளமும் இருக்கலாம். 12-க்கு 1 வரை என்றால் தொடர்ச்சியாக 200 அடி. 10-க்கு 1 வரை 30 அடி. 8-க்கு 1 வரை 10 அடி. இந்தத் தூரங்களுக்குப் பிறகு இளைப்பாற ஐந்தடி நீளச் சமதளம் இருந்தாக வேண்டும். இங்கிலாந்துப் பாதைகளுக்கு இது சட்டமில்லை. ஆனால் சரிவையும் நீளத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையை மனதில் வைத்துக்கொண்டால் எந்த நாட்டுப் பாதையையும் எடைபோடலாம்.

முதல் நடைக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் லேக் டிஸ்ட்ரிக்டின் கெஸ்விக் ஊரிலிருந்து த்ரெல்கெல்ட் போகும் பழைய ரயில்பாதையைச் சொல்வேன். ஒரு பக்கம் சுமார் 3 மைல். 1972-இல் ரயில் நின்றுபோன தடம். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளத்தில் இதன் பாலங்கள் அடித்துப் போயின, மறுபடி கட்டி 2020 டிசம்பரில் திறந்தார்கள். மண்ணுக்குள் மூடிக் கிடந்த பழைய சுரங்கம் ஒன்றையும் தோண்டித் திறந்துவிட்டார்கள். கிரேட்டா ஆற்றை மாற்றி மாற்றிக் கடக்கும், இருபுறமும் மரம், கீழே தண்ணீர்ச் சத்தம். கெஸ்விக்கிலிருந்து போகும்போது தெரியாத அளவு ஏற்றம், திரும்பும்போது அதே அளவு இறக்கம், அதாவது களைத்த பிறகு இறக்கம். புதுப்பித்தபோது தார் போட்டதைப் பலர் எதிர்த்தார்கள், காட்டுப்பாதைக்குத் தார் எதற்கு என்று. காலால் நடப்பவருக்குத் தோன்றுகிற நியாயம் அது. சக்கரத்தில் போகிறவருக்குத் தார்தான் நல்லது, மழை பெய்த மறுநாளும் அது தார்தான். 3 மைலும் போக வேண்டியதில்லை, எந்தப் பாலத்தில் வேண்டுமானாலும் திரும்பிவிடலாம்.

பழைய ரயில்தடங்கள் ஏன் வீல்சேருக்கு இவ்வளவு ஏற்றவை என்றால், நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. மலையைக் குடைந்தும் பள்ளத்தில் மேடு போட்டும் சரிவைக் குறைத்தே தீர வேண்டியிருந்தது. அந்தச் செலவின் பலன் இன்று நமக்கு. பீக் டிஸ்ட்ரிக்டின் மோன்சல் டிரெய்ல் இதற்கு நல்ல உதாரணம். பேக்வெல்லிலிருந்து பக்ஸ்டன் பக்கமாக 8.5 மைல். சுரங்கங்கள் 2011-இல் திறந்தன, பெரிய சுரங்கங்கள் ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர், பகலில் விளக்கு எரியும். உள்ளே கோடையிலும் ஜில்லென்று இருக்கும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், அப்பாவுக்கு ஸ்வெட்டரும் தொப்பியும் மடியிலேயே இருக்கட்டும். சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள், சுரங்கத்துக்குள் நாற்காலியின் முதுகில் ஒரு சிவப்பு விளக்கைத் தொங்கவிடுங்கள்.

மோன்சல் டிரெய்லில் எங்கே இறங்குகிறீர்கள் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வழிகாட்டிச் செயலியில் மோன்சல் என்று அடித்தால் அது மோன்சல் ஹெட் என்ற காட்சிமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். மேலிருந்து பார்க்க அருமை. ஆனால் பாதை கீழே பள்ளத்தாக்கில் ஓடுகிறது, அங்கிருந்து இறங்குவது செங்குத்து. வீல்சேருக்கு வழியே இல்லை. ஹாசப் ஸ்டேஷனுக்கோ மில்லர்ஸ் டேல் ஸ்டேஷனுக்கோ போங்கள், இரண்டிலும் பார்க்கிங் தடத்தின் மட்டத்திலேயே இருக்கிறது, சாப்பிடவும் கிடைக்கும். குறைந்த தூரத்தில் பெரிய காட்சி வேண்டுமென்றால் மில்லர்ஸ் டேல், ஸ்டேஷனை ஒட்டியே உயரமான ரயில்பாலம். பேக்வெல் ஊருக்குள்ளிருந்து தள்ளிக்கொண்டே வரலாம் என்று நினைக்காதீர்கள், பழைய ஸ்டேஷன் இருப்பது மேட்டில்.

ரயில்தடம் என்றாலே சமதளம் என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதே பீக் டிஸ்ட்ரிக்டின் ஹை பீக் டிரெய்ல், 1830-களின் தொடக்கத்தில் போட்ட பாதை. கால்வாய்க் காலத்துப் பொறியாளர்களின் வேலை அது. மேட்டில் எஞ்சின் வைத்துக் கயிறு கட்டி வண்டிகளை இழுத்தார்கள். மிடில்டன் சரிவு ஏறத்தாழ 8-க்கு 1, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு. அதன் தலைமேட்டில், மிடில்டன் டாப்பில், காரை நிறுத்திவிட்டு மேற்கே போனால் நல்ல நடை. கீழே கிராம்ஃபோர்டிலிருந்து தொடங்கினால் நரகம்.

ஏரி வேண்டுமென்றால் கெஸ்விக்கிலேயே டெர்வென்ட்வாட்டர் கரையில் ஏரிக்கரைப் பார்க்கிங்கிலிருந்து ஃப்ரையர்ஸ் க்ராக் வரை குறுகிய, நல்ல பாதை. முனைக்கு வந்ததும் கடைசிச் சில மீட்டர் பாறையும் வேருமாக இருக்கும், அங்கே நாற்காலியை விடாப்பிடியாக ஏற்ற வேண்டாம், இரண்டு எட்டு பின்னாலிருந்தும் அதே ஏரிதான் தெரிகிறது. கானிஸ்டன் பக்கம் டார்ன் ஹவ்ஸ், ஏரியைச் சுற்றிச் சுமார் 2 மைல், படங்களில் எல்லாரும் பார்த்திருக்கிற இடம். அங்கே குட்டையான, ஆனால் செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் உண்டு. தள்ளுகிறவர் ஒருவர்தான் என்றால் சுற்றி வரும் எண்ணத்தை விட்டுவிட்டு, பார்க்கிங் பக்கத்துக் கரையில் போன வழியே திரும்புங்கள். சுற்றுப்பாதையில் ஒரு சிக்கல், மோசமான இடம் பாதிக்கு மேல் வந்தால் திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. க்ரைஸ்டேல் காட்டில் ரிடிங் வுட் என்ற ஒரு மைல் அளவிலான பாதை உண்டு, மரங்களுக்கிடையே சிற்பங்கள், பேரப்பிள்ளைகளும் கூட வந்தால் அதுவே போதும்.

மலையுச்சி ஆசை இருந்தால் லாட்ரிக், 368 மீட்டர். கெஸ்விக்கின் மேலே கேல் ரோடு முடியும் இடம்வரை காரே பெரும்பகுதி உயரத்தை ஏறிவிடும், மிச்ச ஏற்றத்துக்கு வளைத்து வளைத்துப் போட்ட கல்பாதை. மடக்கு நாற்காலிக்கு இதைச் சொல்ல மாட்டேன். டிராம்பர் கிடைத்தால் போகலாம்.

டிராம்பர் என்பது நான்கு பெரிய சக்கரமும் பேட்டரியும் உள்ள, காட்டுப்பாதைக்கென்றே இங்கிலாந்தில் செய்யும் வண்டி. ரோட்டோர ஸ்கூட்டர் போலில்லை, 4-க்கு 1 சரிவிலும் ஏறும். நேஷனல் டிரஸ்ட் (பழைய கட்டடங்களையும் இயற்கை நிலங்களையும் பராமரிக்கும் அறக்கட்டளை) இடங்கள் சிலவற்றிலும் காட்டிலாகா மையங்கள் சிலவற்றிலும் வாடகைக்கோ இலவசமாகவோ தருகிறார்கள், டார்ன் ஹவ்ஸிலும் க்ரைஸ்டேலிலும் அப்படி உண்டு. முன்பதிவு கட்டாயம், சும்மா போய் நின்றால் கிடைக்காது. முதல் முறை கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். அப்பா ஒரு கையால் திருப்பி, அதே கை விரலால் வேகத்தையும் பிடிக்க வேண்டியிருக்கும், பதிவு செய்யும்போதே "வலது கை மட்டும்தான்" என்று சொல்லிவிடுங்கள். பக்கவாதம் வந்த சிலருக்கு இடப்பக்கப் பார்வையே கவனத்தில் வராது, இடப்பக்கத்து வேலியை அவர் மூளை கண்டுகொள்ளாது. அப்பாவுக்கு அது இருந்தால் டிராம்பர் வேண்டாம், நீங்கள் தள்ளுவதே பாதுகாப்பு. சட்டப்படி இந்த மாதிரி வண்டிகள் பொது நடைபாதையில் போகலாம், வேகம் மணிக்கு 4 மைலுக்குள்.

கேட்டுகள். வேலியைக் கடக்கும் அமைப்புகளுக்கு இங்கிலாந்தில் பிஎஸ் 5709 என்றொரு தரநிர்ணயம் உண்டு, கடைசியாக 2018-இல் திருத்தியது. அதன் வரிசை: முடிந்தால் வெறும் திறப்பு, இல்லாவிட்டால் கேட், அதுவும் ஆகாவிட்டால் கிஸ்ஸிங் கேட். கிஸ்ஸிங் கேட் என்பது அரைவட்டக் கூண்டுக்குள் நுழைந்து, கதவை மறுபக்கம் தள்ளி வெளியேறும் கேட். கால்நடை தாண்டாது. பழைய கூண்டுகளில் வீல்சேர் நுழையும், திரும்ப இடமிருக்காது. பெரிய கூண்டு வைத்த புதிய வகையில் சிலவற்றுக்குப் பூட்டு இருக்கும், ரேடார் சாவி போட்டால் முழுக்கதவும் திறக்கும். அந்தச் சாவியைக் கட்டாயம் வாங்கிவிடுங்கள், சில பவுண்டுகள்தான். 1981-இல் தொடங்கிய திட்டம், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிக் கழிவறைகளும் இதே சாவிக்குத் திறக்கும். விலை மலிவு என்று நகல் சாவி வாங்கினால் சில பூட்டில் சிக்கிக்கொள்ளும். சாதாரண கேட்டில் பார்க்க வேண்டியது இரண்டு: ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அடித்துச் சாத்துகிறது, கேட் வாசலில் தேங்கிய சேறு. எல்லாரும் நின்று போகிற இடம் என்பதால் பாதையிலேயே அதிகம் குழி விழுவது கேட் வாசலில்தான். ஒருவர் கேட்டைப் பிடிக்க, ஒருவர் தள்ள, ஆக இரண்டு பேர் கூட வருவது நல்லது. அப்பா முழங்கையை உள்ளே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கல்பாதையின் குறுக்கே மழைநீரைத் திருப்பக் கல்லையோ கட்டையையோ புதைத்திருப்பார்கள். தரைக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலே முன்சக்கரம் மாட்டும். அதை நேராக முட்டித் தள்ளக் கூடாது. முதலில் "சாய்க்கிறேன்" என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பின்னால் கவிழாமலிருக்கும் குட்டிச்சக்கரங்கள் இருந்தால் மேலே மடக்குங்கள். நாற்காலியின் பின்புறக் குழாயில் காலை வைத்து மிதித்து, கைப்பிடியைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் எழும். அதைத் தடையைத் தாண்டி இறக்கி, பிறகு பின்சக்கரத்தைத் தள்ளி ஏற்றுங்கள். கரடுமுரடான தூரம் பத்து மீட்டர்தான் என்றால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி பின்னோக்கி இழுப்பது தள்ளுவதைவிடச் சுலபம். செங்குத்தான இறக்கத்திலும் கைப்பிடி பிரேக் இல்லாவிட்டால் இப்படித்தான், நீங்கள் கீழ்ப்பக்கம், அவர் முகம் மேட்டைப் பார்க்க. தூக்க வேண்டி வந்தால் சட்டக்குழாயைப் பிடியுங்கள், கைவைக்கும் பலகையையும் கால்பலகையையும் பிடித்துத் தூக்கவே கூடாது, கழன்று கையோடு வரும்.

சதுப்பில் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதையில் பலகைகள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் இடைவெளியில் முன்சக்கரம் இறங்கிவிடும். ஓரத்தில் சக்கரம் இறங்காதபடி கட்டை அடித்திருக்கிறதா பாருங்கள். நிழலில் பாசி பிடித்த பலகையில் தள்ளுகிறவர்தான் வழுக்கி விழுவார். மரப்பாதை பராமரிப்பு இல்லாமல் நிற்காது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மாற்றுத்திறனாளிகள் பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகிப் பழுதுபார்க்க வேண்டி வந்தது. அதனால் எந்தப் பலகைப்பாதையையும் இந்த ஆண்டுப் படத்தைப் பார்த்தே நம்புங்கள்.

வீட்டிலிருந்தே சரிவைப் பார்க்க பிரிட்டிஷ் அரசின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் போதும். அதில் 4 மில்லிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். உயரக்கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று என்றால், பாதை குறுக்கிடும் இரண்டு கோடுகளுக்கிடையே 4 மில்லிமீட்டர் இருந்தால் சரிவு 10-க்கு 1, 8 மில்லிமீட்டர் இருந்தால் 20-க்கு 1. சில தாள்களில் கோடு 5 மீட்டருக்கு ஒன்று, ஓரக்குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலத்துக்கு ஏறும் குட்டை ஏற்றம் இதில் தெரியாது. அதற்குப் போன் செய்ய வேண்டும். தகவல் மையத்தில் "வீல்சேர் போகுமா" என்று கேட்டால் "போகும்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: மிகக் குறுகலான கேட் எவ்வளவு அகலம், உதிரிக்கல் எங்கே, செங்குத்தான இடம் எத்தனை மீட்டர் நீளம், போன வார மழையில் ஏதாவது அடித்துப் போயிருக்கிறதா. கழிவறையில் நாற்காலியிலிருந்து மாறும் இடம் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள், அப்பா பலமுள்ள வலப்பக்கமாகத்தான் மாற முடியும். உடை மாற்றப் படுக்கவைக்கும் பலகையும் ஆளைத் தூக்கும் கருவியும் வேண்டுமென்றால் 'சேஞ்சிங் பிளேசஸ்' என்று குறித்திருக்கும் பெரிய கழிவறைகளைத் தேடுங்கள்.

அப்பாவின் உடம்புக்கு. நீங்கள் தள்ளுவதால் உங்களுக்கு வேர்க்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கிற அவருக்குக் குளிரும். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து அவருக்கு உடுத்தாதீர்கள், ஒரு அடுக்கு கூடவே போடுங்கள். உணர்ச்சி குறைந்த இடது கை விறைத்தாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கை மடியிலிருந்து நழுவினால் ஆரக்கம்பிகளுக்குள் போய்விடும், மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை வையுங்கள். இடது கால் பலகையிலிருந்து பின்னால் சரிந்து சக்கரத்துக்கடியில் மாட்டுவதுதான் அதிகம் நடக்கிற விபத்து, கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டி கட்டிவிடுங்கள். கால் மணிக்கும் அரை மணிக்கும் இடையில் ஒருமுறை நிறுத்தி, அவரைச் சற்று முன்னால் சாயவைத்துப் புட்டத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். அதிர்வோடு சேர்ந்த அழுத்தம் தோலைச் சீக்கிரம் புண்ணாக்கும். நல்ல மெத்தை ஒன்று மற்ற எல்லா உபகரணத்தையும்விட அவசியம்.

பையில் மாற்று ட்யூப் ஒன்று, உங்கள் வால்வுக்குப் பொருந்தும் கைப்பம்பு, டயர் கழற்றும் இரண்டு லீவர், 4, 5 மில்லிமீட்டர் ஆலன் சாவி, மழைக்கு முழு நாற்காலியையும் மூடும் போர்வைச் சட்டை, நாலு மீட்டர் பட்டைக்கயிறு. கயிறு எதற்கென்றால், ஏற்றத்தில் இரண்டாமவர் முன்னாலிருந்து இழுக்க, சட்டத்தின் இருபக்கமும் கட்டி. ஒருவர் தள்ள ஒருவர் இழுத்தால் 10-க்கு 1 ஏற்றம் பேசிக்கொண்டே ஏறுகிற அளவுக்கு லேசாகும். நேரம் கணக்கிடும்போது தாரில் மணிக்கு 3 கிலோமீட்டர், மற்ற தரையில் 2 என்று போடுங்கள். பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும். கிளம்புவதற்கு முன்பே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலுக்கு ஆம் என்று உறுதிசெய்து வைத்தால், பேச முடியாத அளவு சிக்னல் குறைந்த இடத்திலும் குறுஞ்செய்தியில் உதவி கேட்கலாம்.

செலவில் இரண்டு சலுகை. நேஷனல் டிரஸ்ட் இடங்களில் உதவிக்கு வருபவருக்குக் கட்டணமில்லாமல் நுழைய 'எசென்ஷியல் கம்பானியன்' அட்டை உண்டு, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ரயிலில் வருவதென்றால் 'பாசஞ்சர் அசிஸ்ட்' சேவையில் சொல்லிவைத்தால் நடைமேடையில் சரிவுப்பலகையோடு நிற்பார்கள். இந்தியாவில் வாங்கிய மாற்றுத்திறனாளி அட்டையை வைத்து இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய பார்க்கிங்கில் நிறுத்த முடியாது, பிரிட்டிஷ் ப்ளூ பேட்ஜ் வேண்டும். அது இல்லாவிட்டால் பத்து மணிக்கு முன்னால் போய் ஓரத்து இடத்தைப் பிடியுங்கள், நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி மாறுவதற்கு ஒரு கார் அகலம் தேவைப்படும்.

திரும்பி வந்ததும் நாற்காலியை மடக்கி டிக்கியில் போடுவதற்கு முன் சக்கரத்தின் கைவளையத்தைத் துடையுங்கள், ஆட்டுப்புழுக்கை டயரிலிருந்து அதற்கும் ஏறியிருக்கும், சாப்பாடு எடுக்கிற கை அது. வீட்டில் கழுவும்போது அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயை அச்சில் காட்டாதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போனால் கிரீஸ் வெளியேறி சில வாரத்தில் கரகரக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, முன்சக்கர அச்சில் சுற்றியிருக்கும் புல்லையும் கம்பளி இழையையும் கத்தரியால் எடுத்துவிடுங்கள்.